தட்டையான வீட்டுக்கு ஆழம் தந்த 14 மாதங்கள்

அக்காவும் மாமாவும் வாங்கிய வீடு 1993இல் கட்டியது. அழகான பழைய வீடு என்று சொல்ல அதற்கு வயது போதாது, புது வீடு என்றும் சொல்ல முடியாது. கட்டிய காலத்தில் பார்த்தவர்கள் வியந்திருப்பார்கள்: பளபளக்கும் கிரீம் டைல்ஸ், அடுக்கடுக்காக வளையும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஆரஞ்சு கலந்த பழுப்பில் சன்மைக்கா ஒட்டிய வழுவழு கதவுகள், அலுமினிய ஜன்னல்கள், மெரூன் நிறச் சமையலறை. அதே பொருள்கள்தான் முப்பது வருடம் கழித்து வீட்டைச் சோர்வாகக் காட்டின.

சாவி கைக்கு வந்த அன்று அக்கா நடுக்கூடத்தில் நின்று ஒரு சுற்று பார்த்தாள். "வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனா உட்காரத் தோணலையே" என்றாள். அடுத்த 14 மாதங்கள் நாங்கள் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் தேடியதுதான்.

பணம் கொஞ்சம்தான் இருந்தது. புதுச் சமையலறை, புதுத் தரை, புதுக் கதவுகள் என்று எல்லாவற்றையும் மாற்ற ஒரு மதிப்பீடு வாங்கினார்கள். கையில் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களைத் தீர்மானித்தோம். சுவரை இடிப்பதில்லை, தரையைப் பெயர்ப்பதில்லை, குழாய்களை இடம் மாற்றுவதில்லை. வீட்டு வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். இடிக்கக் கூலி, இடிபாட்டை அள்ளக் கூலி, இடித்த இடத்தை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூலி. இத்தனையும் கொடுத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற வேலையே தொடங்கும்.

முதல் மாதம் எதையும் தொடவில்லை. காலையிலும் சாயங்காலத்திலும் ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வைத்தோம். அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நிறங்கள் போனதும் படத்தில் எதுவுமே மிச்சமில்லை. சுவர் ஒரு சாம்பல் பரப்பு, கதவு இன்னொரு சாம்பல் பரப்பு. நடுவில் ஒரு கோடு, ஒரு விளிம்பு, ஒரு நிழல் எதுவும் கிடையாது.

பழைய வீடுகளில் நம்மை இழுப்பது வயது என்றுதான் நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அது நிழல். தடித்த சுவருக்குள் ஜன்னல் ஆழமாக உட்கார்ந்திருக்கும். கதவு நிலையைச் சுற்றி ஒரு சட்டம், அந்தச் சட்டத்தில் ஒரு படி, கதவில் குழிந்த பலகைகள், சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓர் உயரமான ஸ்கர்டிங். ஒவ்வொரு விளிம்பும் ஒரு கீற்று வெளிச்சத்தையும் ஒரு கீற்று இருட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றில் எதையும் அலங்காரத்துக்காக மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே விழும் விரிசலை மறைக்கத்தான் சட்டம். துடைப்பமும் காலும் சுவரில் இடிக்காமலிருக்கத்தான் ஸ்கர்டிங். மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அது வெடிக்காமல் அசைய இடம் வேண்டும் என்பதற்காகத்தான் கதவுப் பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடியில் ஒட்டாமல் சொருகினார்கள். ஒட்டுப்பலகை வந்ததும் அந்தக் கவலை போனது, கதவு தட்டையானது. கவலையோடு நிழலும் சேர்ந்து போய்விட்டது.

ஆக, இந்த வீட்டில் குறைவது சாமான் இல்லை, ஆழம். பூச்சாடி, படம், குஷன் என்று வாங்கிக் குவித்தால் தட்டையான வீட்டில் சாமான் நிறைந்திருக்கும், அவ்வளவுதான். கையில் இருக்கும் பணத்தை விளிம்புகளுக்கும் வெளிச்சத்துக்கும் கை படும் இடங்களுக்கும் செலவழிப்பது என்று முடிவானது.

விளக்கிலிருந்து தொடங்கினோம்

வீடு முழுக்கக் கூரையில் பதித்த குழிவிளக்குகள், எல்லாமே 6500 கெல்வின் வெள்ளை. கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் சுவரைக் கழுவித் தட்டையாக்கும், முகத்தில் மட்டும் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். இருக்க வேண்டிய இடத்தில் நிழல் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

முதலில் பல்புகளை மட்டும் 2700 கெல்வினுக்கு மாற்றினோம். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் ஏறக்குறைய இதுதான். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு; அது 90க்கு மேல் இருக்கட்டும். மலிவான பல்புகளில் பெரும்பாலும் 80தான் இருக்கும். மரத்தின் பழுப்பும் தோலின் நிறமும் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறித் தெரியும். அப்புறம் கூடத்தில் கூரை விளக்குகளை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே ஐந்து விளக்குகள் வைத்தோம். நிற்கும் விளக்கு ஒன்று, மேசை விளக்கு மூன்று, அலமாரிக்குள் ஒளித்த சின்ன விளக்கு ஒன்று. அவற்றில் இரண்டு மாமாவின் பழைய வீட்டுப் பரணில் கிடந்தவை. துணிக்கூடு மட்டும் புதிது.

அன்று ராத்திரி கூடத்தில் யாரும் எழுந்து போகவில்லை. சுவரில் ஒரு பெயிண்ட் பொட்டுகூட மாறவில்லை, ஆனாலும் அறை வேறாகிவிட்டது. பட்ஜெட் குறைவாக இருக்கிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாடகை வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவைப்பட்டது. ஒரே பார்வையில் விழும் இடங்களில் வெவ்வேறு கெல்வின் கூடாது. சமையலறை மேடைக்கு 4000 போட்டிருந்தோம். கூடத்திலிருந்து பார்த்தால் அது மட்டும் நீலமாகத் தனித்து நின்றது, 3000க்கு இறக்கியதும் சரியானது. இன்னொன்று டிம்மர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச். சுவரில் இருந்தது குண்டு பல்புக்காகச் செய்த பழைய டிம்மர். எல்இடி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் அதில் பல்பு துடித்தது, மெல்லிய ரீங்காரமும் கேட்டது. எல்இடிக்கான டிம்மரும், டிம் ஆகும் என்று பெட்டியில் எழுதிய பல்பும் ஜோடியாக வேண்டும்.

கதவுகள்

ஏழு கதவுகள். கூடத்தில் நின்றால் நாலு ஒரே நேரத்தில் தெரியும். புதுக் கதவுகளுக்கு வழியில்லை. பழைய கதவின் மேலேயே மெல்லிய மரச் சட்டங்கள் ஒட்டி, பலகைக் கதவின் தோற்றம் கொண்டுவர முடிவு செய்தோம். கதவைத் தட்டிப் பார்த்தோம், உள்ளே பொள்ளல். அதில் ஆணி நிற்காது, பசைதான் பிடிக்கும். ஒட்டும் இடத்தில் மட்டும் சன்மைக்காவை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்ட வேண்டியிருந்தது.

முதல் கதவு தப்பாகப் போனது. நான்கு பக்கமும் 11 செ.மீ. ஒரே அளவாக இடம் விட்டு இரண்டு சதுரங்கள் ஒட்டினோம். கதவில் யாரோ போட்டோ ஃபிரேம் ஒட்டிய மாதிரி இருந்தது. வேலைக்கு வந்த தச்சர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கீழே ரெண்டு மடங்கு விடுங்க சார், கதவு நிக்கணும் இல்லையா?" என்றார். நிஜப் பலகைக் கதவில் அடிச்சட்டம் பெரும்பாலும் அகலமாக இருக்கும். கதவு தொங்காமல் பிடித்துக்கொள்ளும் மூட்டு அங்கேதான் இருக்கிறது, அதற்கு மரம் வேண்டும். கண் அந்த அளவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. அடுத்த கதவில் மேலேயும் பக்கங்களிலும் 11, அடியில் 22, கைப்பிடி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம், அதற்கு மேலே நீளப் பலகை, கீழே குட்டைப் பலகை. இதை முதலில் மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டிப் பார்த்து, இரண்டு நாள் அப்படியே விட்டோம். அக்கா தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு டேப்பை அரை அங்குலம் நகர்த்துவாள். அந்த இரண்டு நாளும் வீணில்லை.

சன்மைக்கா மேல் பெயிண்ட் நிற்காது என்று பலர் சொல்வார்கள். நிற்கும், ஆனால் அடிவேலை முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, காயவிட்டு, 180 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு சாகும்வரை தேய்த்து, வழவழப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர் ஒரு கோட். அப்புறம் மெல்லிசாக இரண்டு கோட் எனாமல். ஒரே ஒரு கதவை அவசரத்தில் கழுவாமல் தேய்த்துவிட்டோம். மூன்றே வாரத்தில் கைப்பிடியைச் சுற்றி, முப்பது வருடக் கைப்பிசுக்கு இருந்த இடத்தில், பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. அதைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து செய்தோம். இன்னொன்று: தண்ணீரில் கரையும் எனாமல் சில மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காய்ந்தாலும், முழுக்க இறுக இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். அதுவரை கதவை அடித்துச் சாத்தக் கூடாது, கொக்கி மாட்டவும் கூடாது.

நிலைகளைச் சுற்றி இருந்த 5 செ.மீ. சட்டத்தை எடுத்துவிட்டு, ஒரு படி வைத்த 9 செ.மீ. சட்டம் போட்டோம். ஸ்கர்டிங்கைப் பெயர்க்கவில்லை. இருந்த 7 செ.மீ. மரத்துக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஒரு மெல்லிய மோல்டிங் பட்டையைச் சுவரில் ஒட்டி, நடுவில் இருக்கும் சுவரையும் சேர்த்து ஒரே பெயிண்ட் அடித்தோம். 15 செ.மீ. ஸ்கர்டிங் ஆகிவிட்டது. சுவர் மூலைகள் சரியாக 90 பாகையில் இருந்ததே இல்லை, 45இல் வெட்டிய மோல்டிங் எல்லாம் வாயைப் பிளந்தது. பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் பசையை விரலால் தடவி நிரப்பியதும் மறைந்தது.

கைப்பிடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வீட்டை நாம் உண்மையில் தொடுவது அங்கேதான். பழைய லீவர்கள் உள்ளே பொள்ளலான அலுமினியம், பிடித்தால் எடையே இருக்காது. இடித்த வீடுகளின் சாமான் விற்பவரிடம் கனமான பித்தளைக் கைப்பிடிகள் கிடைத்தன. மாமா பாக்கெட்டில் காந்தத்தோடு போனார். பித்தளையைக் காந்தம் இழுக்காது, ஒட்டினால் உள்ளே இரும்பு. துத்தநாகக் கலவையும் காந்தத்தில் ஒட்டாது என்பதால், அப்புறம் எடையையும் பார்த்து, பின்பக்கம் லேசாகச் சுரண்டியும் பார்த்தார். அவற்றுக்கு மேல்பூச்சு எதுவும் போடவில்லை. இப்போது கை படும் இடம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்ற இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது.

நாங்கள் பணம் இழந்த இடம்

கூடத்தின் பெரிய சுவரில் கல் ஒட்டலாம் என்று மூவருமே ஆசைப்பட்டோம். மெல்லிய செயற்கைக் கல் ஓடுகள், 2 செ.மீ.கூடத் தடிமன் இல்லாதவை. ஒட்டி முடித்த அன்று நேராகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பக்கவாட்டில் வந்து நின்றபோது சுவர் முடியும் விளிம்பில் அந்த மெல்லிய தடிமன் அப்பட்டமாகத் தெரிந்தது. பாரம் தாங்கும் பொருள் என்று நம் கண் நம்பும் ஒன்று, பிஸ்கட் மாதிரி முடிந்துபோனால் மனசு ஒப்புக்கொள்வதில்லை. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்தோம். கடைசியில் எடுத்தபோது பூச்சும் சேர்ந்து வந்தது, மறுபடி பூசி, பட்டி வைத்து, காயவிட வேண்டியிருந்தது. மொத்தச் செலவில் 8 சதவீதம் அதிலேயே போனது.

கதவில் ஒட்டிய சட்டமும் ஒருவகையில் ஒட்டுவேலைதானே, அது மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மரக்கதவில் மரச்சட்டம் இருப்பது இயல்பு. அது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குக் கல் எந்த விதத்திலும் சொந்தமில்லை. 1993ஆம் வருட வீட்டை 1893ஆக மாற்ற முயன்றால் இரண்டுமே கெட்டுப்போகும்.

1993க்கே உரிய ஒன்று வீட்டில் இருந்தது: கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு வளைவு. இருபது செ.மீ. கூட இல்லாத சுவரில் வெட்டிய அரைவட்டம். பார்க்க வந்த எல்லோரும் முதலில் சொன்னது, "அதைச் சதுரமாக்கிடுங்க" என்பதுதான். எனக்கு அதைத் தொட மனமில்லை. வளைவில் தப்பில்லை, அது மெல்லிசாக இருப்பதுதான் தப்பு என்று தோன்றியது.

அதனால் சாப்பாட்டு அறைப் பக்கம், வளைவின் இரண்டு பக்கங்களிலும் தரையிலிருந்து கூரைவரை புத்தக அலமாரி கட்டினோம். ஆழம் 28 செ.மீ. வளைவின் உட்புறத்தையும் அதே ஆழத்துக்கு வளையும் ஒட்டுப்பலகையால் நீட்டினோம். இப்போது கூடத்திலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போவதென்றால், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு தடித்த சுவரைக் கடந்து போகிறோம். அடியில் ரெடிமேட் பெட்டிகள், மேலே 18 மி.மீ. பலகை. அந்தத் தடிமனுக்குப் புத்தகப் பாரத்தில் பலகை வளையாமலிருக்க 75 செ.மீ.க்கு ஒரு தாங்கல் வைத்தோம். அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விடாமல் சட்டம் வைத்து மூடினோம். அந்தச் சின்ன மூடல்தான் அதைச் சாமானாக இல்லாமல் வீட்டின் பகுதியாக்கியது. மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கல் ஒட்டிய செலவைப்போல இரண்டு மடங்கு ஆனது, ஒரு ரூபாயும் வீணில்லை என்பேன்.

மற்றவை

பெயிண்டை வேண்டுமென்றே விளக்குக்குப் பிறகு வைத்துக்கொண்டோம், நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது என்பதால். நேர் வெயில் வராத படுக்கையறையில் அட்டையில் பார்த்த அழகான சாம்பல் நிறம், சுவரில் நீலமாகத் தெரிந்தது. அதன்பிறகு சுவரில் பொட்டு வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொரு சுவராக, காலையும் இரவும் நகர்த்திப் பார்த்தோம். சுவருக்குப் பளபளப்பில்லாத மேட், சட்டங்களுக்கு அதே நிறத்தில் லேசான பளபளப்பு. நிறம் ஒன்றாக இருந்தாலும் விளிம்பில் மட்டும் வெளிச்சம் வழுக்கிப் போகிறது. ஜன்னலே இல்லாத நடையை வெள்ளையடித்துப் பிரகாசமாக்கும் முயற்சியைக் கைவிட்டு, கூரை உட்பட அடர்பச்சை அடித்தோம். இருட்டான இடம் இருட்டாகவே அழகானது, அதைத் தாண்டி வரும் கூடம் இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது.

கூடத்து ஃபால்ஸ் சீலிங் ஒன்றை மட்டும் எடுத்தோம். 22 செ.மீ. உயரம் கிடைத்தது. மின்கம்பிகளை ஒழுங்கு செய்ய எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு நாள். பழைய வீடாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: சொரசொரப்பான பழைய கூரைப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸும், பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் சுரண்டவோ உலர்ந்தபடி தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கும், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் ஆபத்து.

அலுமினிய ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. உட்புறம் 15 செ.மீ. அகலத்தில் மரத் திண்டு வைத்தோம். திரைக்கம்பியை ஜன்னலுக்கு நேர் மேலே இல்லாமல் இன்னும் 20 செ.மீ. உயர்த்தி, இரண்டு பக்கமும் 25 செ.மீ. நீட்டினோம். துணி ஜன்னல் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. திரையை ஒதுக்கினால் கண்ணாடி முழுக்கத் தெரியும், அலுமினியம் மறையும்.

தரையின் கிரீம் டைல்ஸை அக்கா இன்றும் விரும்பவில்லை. இடுக்குகளை நிரப்பும், அழுக்கேறிய கிரவுட்டை டைல்ஸ் நிறத்துக்கே மாற்றியதில் கட்டம் கட்டமாகத் தெரிவது குறைந்தது. சோபாவின் முன்கால்கள் ஏறி நிற்கும் அளவுக்கு ஒரு பெரிய விரிப்பு போட்டதும் மீதியும் பின்னால் போய்விட்டது. சின்ன விரிப்பு வாங்குவதைவிட எதுவும் வாங்காமலிருப்பது மேல்.

சமையலறையின் மெரூன் கதவுகளுக்கும் அறைக் கதவுகளுக்குச் செய்த அதே முறைதான். கைப்பிடி வாங்கும்போது இருக்கும் ஓட்டை ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களுடையது 96 மி.மீ., அதே அளவில் வாங்கியதால் ஒரு ஓட்டைகூட அடைக்கவில்லை.

கணக்கு இப்படி வந்தது: கதவு, சட்டம், ஸ்கர்டிங் 28 சதவீதம், பெயிண்ட் 18, அலமாரியும் வளைவும் 16, விளக்கு 15, திரையும் விரிப்பும் 9, கைப்பிடிகள் 6, கழற்றிய கல் 8.

பாத்ரூமைத் தொடவில்லை. இளஞ்சிவப்பு டைல்ஸ், அதே நிறத்தில் வாஷ்பேசின். உடைத்துவிட வேண்டும் என்றுதான் அக்கா முதலில் எழுதி வைத்திருந்தாள். போன வாரம் அங்கேயும் 2700 பல்பைப் போட்டு, மேலே மிச்சமிருந்த சுவருக்கு நடையில் மீந்த அடர்பச்சையை ஓர் அட்டையில் அடித்துச் சாய்த்து வைத்திருக்கிறாள். "இப்ப பார்த்தா அந்த ரோஸ் நல்லாத்தான் இருக்குல்ல?" என்று போனில் கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அட்டை இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.